செவித்திறன் குறைந்த குழந்தைக்கு எல்.கே.ஜி.யா, பயிற்சி மையமா, சைகை மொழிப் பள்ளியா?

குழந்தைக்கு மூன்று வயது நிறையும்போது அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சீருடை அணிந்து பள்ளி வேனில் ஏறத் தொடங்கிவிடுகிறார்கள். காதில் கருவி அணிந்த குழந்தையின் பெற்றோருக்கும், காக்ளியர் இம்பிளான்ட் (உட்காதில் பொருத்தும் மின்னணுக் கருவி) அறுவை சிகிச்சை முடிந்து சில மாதங்களே ஆன குழந்தையின் பெற்றோருக்கும் அந்த ஜூன் மாதம் பெரும் மனச்சுமையோடு வருகிறது. இப்போதே எல்.கே.ஜி.யில் சேர்ப்பதா, இன்னும் ஓரிரு ஆண்டுகள் செவித்திறன் குறையுடைய குழந்தைகளுக்கான பயிற்சி மையத்துக்கு அழைத்துச் செல்வதா, சைகை மொழியில் கற்பிக்கும் சிறப்புப் பள்ளியைத் தேடுவதா என்று பலரிடமும் கேட்கிறார்கள். மருத்துவர் ஒன்று சொல்கிறார், பேச்சுப் பயிற்சியாளர் வேறொன்று சொல்கிறார், "மத்த பிள்ளைங்களோட விட்டா தானா பேசிடும்" என்று உறவினர்கள் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் இன்று கிடைக்கக்கூடிய இந்த வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தையின் வயதையும் ஆடியோகிராமையும் (கேட்கும் அளவைக் காட்டும் வரைபடம்) மட்டும் வைத்து இந்த முடிவை எடுக்கக் கூடாது. இன்றைய தேதியில் குழந்தையிடம் எவ்வளவு மொழி இருக்கிறது என்பதுதான் முடிவின் அடிப்படையாக இருக்க வேண்டும். அந்த மொழி பேச்சாக இருக்கலாம், சைகையாகவும் இருக்கலாம். மொழி இல்லாமல் வகுப்பில் அமரும் குழந்தைக்கு, ஆசிரியர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், அந்த ஆண்டு பெரும்பாலும் வெறும் காத்திருப்பாகவே கழிந்துவிடும்.

## முடிவுக்கு முன் பார்க்க வேண்டியவை

செவி வயது. கருவி சரியாக இயங்கி, குழந்தை அதை விழித்திருக்கும் நேரமெல்லாம் அணியத் தொடங்கிய நாளிலிருந்து கணக்கிடும் வயதுக்குச் செவி வயது என்று பெயர். பிறந்த 1 மாதத்துக்குள் பரிசோதனை, 3 மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், 6 மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது உலக அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட கால அட்டவணை. நம் ஊரிலோ, இரண்டு வயதாகியும் பேசவில்லையே என்ற கவலை எழுந்த பிறகே பல குழந்தைகள் பரிசோதனைக்கு வருகிறார்கள். இரண்டரை வயதில் கருவி அணிந்த குழந்தைக்கு மூன்றரை வயதில் செவி வயது ஒன்றுதான். ஒரு வயதுக் குழந்தையிடம் எதிர்பார்ப்பதைத்தான் அந்தக் குழந்தையிடமும் நியாயமாக எதிர்பார்க்க முடியும்.

மொழி. ஒரு வாரம் நோட்டுப் புத்தகமும் கையுமாக இருங்கள். உங்கள் உதட்டையும் கையசைவையும் பார்க்காமல், கேட்டே புரிந்துகொள்ளும் சொற்கள் எவை, தானாகச் சொல்லும் சொற்கள் எவை, இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்துச் சொல்கிறதா என்று எழுதுங்கள். பேச்சுப் பயிற்சியாளரிடம் முறையான மொழிச் சோதனை செய்து, மொழி வயது (எந்த வயதுக் குழந்தைக்குரிய மொழி அதனிடம் இருக்கிறது என்பது) என்ன என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மொழி வயதுக்கும் பிறந்த வயதுக்கும் இடையே ஏறத்தாழ ஓராண்டுக்குள் இடைவெளி இருந்தால் அது ஒரு நிலைமை, அதைவிடக் கூடுதலாக இருந்தால் வேறொரு நிலைமை. பின்வரும் ஒப்பீடு முழுவதும் இந்த இடைவெளியைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

கருவியோடு கேட்கும் அளவு. டேனியல் லிங் வகுத்த ஆறு ஒலிச் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் ஆகிய ஒலிகளை வாயை மறைத்துக்கொண்டு, வரிசை மாற்றிச் சொல்ல வேண்டும். குழந்தை ஒவ்வொன்றுக்கும் கை தூக்குகிறதா, திருப்பிச் சொல்கிறதா என்று தினமும் காலையில் கவனித்தால், கருவி பழுதாகியிருந்தாலும் பேட்டரி தீர்ந்திருந்தாலும் அன்றே தெரிந்துவிடும். தமிழில் சொற்றொடரின் பொருள் பெரும்பாலும் சொல்லின் கடைசியில்தான் அமைகிறது. வேற்றுமை உருபும், காலமும், வேண்டும் வேண்டாம் என்ற வேறுபாடும் இறுதி அசைகளில் வருகின்றன, பேச்சிலோ அந்த அசைகள்தான் மெலிந்து ஒலிக்கின்றன. "அண்ணனுக்குக் குடு" என்பதையும் "அண்ணன்கிட்ட வாங்கு" என்பதையும் குழந்தை வேறுபடுத்துகிறதா என்று பாருங்கள். "அண்ணன்" என்பது மட்டும் காதில் விழுந்தால், எந்த வாக்கியமானாலும் அது அண்ணனைத்தான் பார்க்கும், பெரியவர்களும் புரிந்துவிட்டது என்று நினைத்துவிடுவார்கள்.

வகுப்பறையின் இரைச்சல். இதை மிகச் சிலரே கணக்கில் எடுக்கிறார்கள். திறந்த வெளியில் தூரம் இருமடங்காகும்போதெல்லாம் பேச்சின் அளவு ஏறக்குறைய 6 டெசிபல் குறைகிறது. செவித்திறன் குறைந்த குழந்தை புரிந்துகொள்ள வேண்டுமானால் ஆசிரியரின் குரல் சுற்றுச் சத்தத்தைவிடச் சுமார் 15 டெசிபல் கூடுதலாக இருக்க வேண்டும் என்று செவியியலாளர்கள் பரிந்துரைக்கிறார்கள். மின்விசிறி சுழலும், சிமெண்டுத் தரையுள்ள, முப்பது குழந்தைகள் ஒரே நேரத்தில் பாட்டுப் பாடும் அறையில் நான்காவது வரிசையில் அமர்ந்திருக்கும் குழந்தைக்கு, பேச்சுப் பயிற்சி அறையில் கேட்டதில் பாதிகூடக் கேட்காமல் போகலாம்.

வீட்டின் நேரமும் மொழியும். எந்த வழியைத் தேர்ந்தாலும் தினமும் குழந்தையோடு உட்கார்ந்து பேச ஒருவர் வேண்டும். அந்தப் பொறுப்பு முழுவதையும் தாயின் தலையில் ஏற்றும் வழக்கம் மாற வேண்டும். தந்தையும் தாத்தா பாட்டியும் பயிற்சி முறையைக் கற்றுக்கொள்ள முடியும். வீட்டில் தமிழ் பேசுகிறீர்கள் என்றால், தமிழே முதலில் வேரூன்றட்டும். வீட்டில் ஒரு மொழியும் எல்.கே.ஜி.யில் இன்னொரு மொழியும் கேட்டுப் பழகுவது பல குழந்தைகளுக்குச் சாத்தியம்தான். ஆனால் முதல் மொழியே இன்னும் அமையாத குழந்தைக்கு ஆங்கில வழி மழலையர் வகுப்பு மேலும் ஒரு சுமையாகிவிடுகிறது.

## வழி ஒன்று: அருகிலுள்ள பள்ளியில் நேரடியாக எல்.கே.ஜி.

மொழி இடைவெளி ஓராண்டுக்குள் இருக்கும் குழந்தைக்கு இதுவே சிறந்த வழி. ஒரு காதில் மட்டும் குறைபாடு உள்ளவர்கள், லேசான அல்லது நடுத்தரக் குறைபாட்டுக்கு உரிய காலத்தில் கருவி அணிந்தவர்கள், முதல் ஓரிரு வயதுக்குள் கருவியோ இம்பிளான்டோ பெற்று ஒழுங்காகப் பயிற்சி எடுத்தவர்கள் ஆகியோரில் பலர் இந்த வகையில் வருவார்கள். தன் வயதுப் பிள்ளைகளின் இயல்பான பேச்சு, சண்டை, விளையாட்டு, தெருவிலேயே கிடைக்கும் நட்பு ஆகியவற்றை வேறெந்த மையத்தாலும் முழுமையாகத் தர முடியாது.

சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிலையங்கள் மாற்றுத்திறன் குழந்தைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. அச்சட்டத்தின்படி 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உள்ள குழந்தைக்கு அருகமைப் பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. ஆயினும் அந்த உரிமை 6 முதல் 18 வயது வரைக்கானது என்பதால், மழலையர் வகுப்புக்கு அதை மட்டும் நம்ப முடியாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடஒதுக்கீட்டில் மாற்றுத்திறன் குழந்தைகளும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் அடங்குவார்கள், மழலையர் வகுப்பு நடத்தும் தனியார் பள்ளிகளில் அந்த ஒதுக்கீடு அங்கிருந்தே தொடங்குகிறது. இதற்கெல்லாம் மாற்றுத்திறனாளி சான்றும் தனித்துவ அடையாள அட்டையும் தேவைப்படும் என்பதால், சேர்க்கைக்குப் பல மாதங்கள் முன்பே அவற்றுக்கு விண்ணப்பித்துவிடுவது நல்லது.

இந்த வழியின் மிகப் பெரிய மறைமுகச் செலவு, பாதிப்பு கண்ணுக்குத் தெரியாமல் போவது. நம் தனியார் மழலையர் வகுப்புகள் பலவற்றில் எழுத்தும் எண்ணும் எழுதுவதே முதன்மைப் பாடம். செவித்திறன் குறைந்த குழந்தைகள் கூர்ந்து கவனிப்பவர்கள். பக்கத்துப் பிள்ளை எழுந்தால் எழுவார்கள், நோட்டை எடுத்தால் எடுப்பார்கள், கரும்பலகையில் உள்ளதை அச்சுப்போல் எழுதிவிடுவார்கள். நோட்டில் நட்சத்திரமும் மதிப்பெண்ணும் குவிகின்றன. ஆனால் ஆசிரியர் சொன்ன காக்கா கதையில் வடை யாரிடம் இருந்தது என்று கேட்டால் பதில் இல்லை. எழுதத் தெரிந்த கையையும் புரிந்துகொண்ட மனத்தையும் ஒன்றென நினைத்துவிடுவதால், இரண்டாம் மூன்றாம் வகுப்பில் பாடம் கேள்வி-பதிலாக மாறும்போதுதான் பெற்றோருக்கு உண்மை தெரிகிறது. அதற்குள் மொழி எளிதாக ஊன்றக்கூடிய ஆண்டுகள் கடந்திருக்கும்.

அடுத்த செலவு களைப்பு. நாள் முழுதும் உன்னிப்பாகக் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோகும் குழந்தையை மாலையில் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துச் செல்வது எளிதல்ல; பல குடும்பங்களில் எல்.கே.ஜி. தொடங்கிய ஆண்டே பயிற்சி நின்றுவிடுகிறது. ஆசிரியரின் குரலை மைக் வழியாக நேரடியாகக் கருவிக்கு அனுப்பும் எப்.எம். கருவி வகுப்பறையில் பெரிதும் உதவும், ஆனால் விலை அதிகம், ஆசிரியர் தினமும் மைக்கை அணியவும் வேண்டும்.

பள்ளியைத் தேர்வதற்கு முன், வகுப்பு நடக்கும் நேரத்தில் அந்த அறையில் கால் மணி நேரம் அமர அனுமதி கேளுங்கள். எத்தனை குழந்தைகள், ஆசிரியர் பலகையைப் பார்த்தபடியே பேசுகிறாரா, பேட்டரி மாற்றக் கற்றுக்கொள்ளத் தயாரா, நன்றாகக் கேட்கும் காது ஆசிரியர் பக்கம் இருக்குமாறு முன்வரிசையில் இடம் தருவார்களா என்பதை நேரில் அறிய வேண்டும். பெரிய பெயர் பெற்ற பள்ளியில் நாற்பது பேரில் ஒருவராக இருப்பதைவிட, பதினைந்து குழந்தைகள் உள்ள சாதாரணப் பள்ளியே இக்குழந்தைக்கு நல்லது என்று உறுதியாகச் சொல்வேன்.

## வழி இரண்டு: தொடக்கநிலைப் பயிற்சி மையம்

மொழி இடைவெளி ஓராண்டுக்கு மேல் உள்ள குழந்தைக்கும், இரண்டு வயதுக்குப் பிறகு கருவி பெற்ற பெரும்பாலான குழந்தைகளுக்கும் இதையே பரிந்துரைப்பேன். சென்னை அடையாறில் 1969 முதல் இயங்கிவரும் பால வித்யாலயா இவ்வகைப் பள்ளிகளுக்கு முன்னோடி. அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, தொண்டு நிறுவனங்கள் வழியாக, 6 வயது வரையிலான செவித்திறன் குறையுடைய குழந்தைகளுக்குத் தொடக்கநிலைப் பயிற்சி மையங்களை மாவட்டங்களில் ஆதரித்து வருகிறது. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனமும், மைசூரில் அகில இந்திய பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனமும் உள்ளன. மைசூரில் தாய்மாரும் உடனிருந்து கற்கும் முன்பள்ளி நடக்கிறது. உங்கள் மாவட்டத்தில் என்ன இருக்கிறது என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும், அரசு மருத்துவமனையோடு இணைந்த மாவட்ட இடையீட்டு மையத்திலும் கேட்டறியலாம்.

நல்ல மையத்தில் ஒரு ஆசிரியருக்குச் சில குழந்தைகளே இருப்பார்கள், தாயோ தந்தையோ அருகில் அமர்ந்திருப்பார். காலையில் முதல் வேலை கருவியைச் சோதிப்பது. பிறகு நேற்று வீட்டில் என்ன நடந்தது என்ற உரையாடல். தோசை கருகியது, மாமா வந்தார், மழை பெய்தது என்று அந்தக் குழந்தையின் வாழ்க்கையிலிருந்தே மொழி எடுக்கப்படுகிறது. இங்கே பயிற்சி பெறுபவர் உண்மையில் பெற்றோர்தான். மையத்தில் கழியும் நேரம் சில மணி மட்டுமே, குளிப்பாட்டும்போதும் காய் நறுக்கும்போதும் பேருந்தில் போகும்போதும் பேசக் கற்றுக்கொண்ட பெற்றோரிடம்தான் மொழி வளர்கிறது.

செலவுகள் இல்லாமல் இல்லை. மையம் அருகில் இல்லாத குடும்பங்கள் தினமும் நெடுந்தூரம் பயணம் செய்கின்றன, அல்லது தாயும் குழந்தையும் வேறு ஊரில் வாடகைக்கு வீடு எடுத்துத் தங்குகிறார்கள். தாயின் வேலை போகிறது, மூத்த பிள்ளை பாட்டியிடம் வளர்கிறது. கட்டணம் இல்லாத மையம்கூட இந்த வகையில் மிகவும் விலை உயர்ந்ததாகிவிடும். சேரும் முன் குடும்பமாக உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட வேண்டும். பேருந்துப் பயணச் சலுகை பற்றியும் நல அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். இன்னொரு ஆபத்து, தேவைக்கு அதிகமாக அங்கேயே தங்கிவிடுவது. மொழி இடைவெளி குறைந்துவிட்ட குழந்தைக்கு நன்றாகப் பேசும் சகவயதினர் வேண்டும், அதை மையம் தர முடியாது.

"ஒரு வருஷம் வீணாகிடுமே" என்ற அச்சத்தை நான் ஏற்பதில்லை. தமிழ்நாட்டில் முதல் வகுப்பில் சேர்வது 5 வயது நிறைந்த பிறகுதான். நான்கு அல்லது நான்கரை வயது வரை மையத்தில் மொழியைச் சேர்த்துக்கொண்டு யு.கே.ஜி.யில் நுழையும் குழந்தை எதையும் இழப்பதில்லை. ஏ முதல் இசட் வரை எழுதுவதைச் சில மாதங்களில் கற்றுக்கொள்ளலாம், தவறவிட்ட மொழியை அவ்வாறு பிடித்துவிட முடியாது.

## வழி மூன்று: சைகை மொழியில் கற்பிக்கும் பள்ளி

தமிழ்ப் பெற்றோர் பலர் இதைத் தோல்வியின் அடையாளமாகப் பார்க்கிறார்கள். அந்தப் பார்வை குழந்தைகளுக்குப் பெருந்தீங்கு செய்திருக்கிறது. 1880ஆம் ஆண்டு மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, காது கேளாதோர் கல்வியில் சைகையை விலக்க வேண்டும் என்று தீர்மானித்தது. அதன் விளைவுகளுக்கு 2010இல் வான்கூவரில் கூடிய மாநாடு வருத்தம் தெரிவிக்க வேண்டியிருந்தது. இந்தியாவில் 2015இல் இந்திய சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் டெல்லியில் தொடங்கப்பட்டது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் இந்திய சைகை மொழியை நாடு முழுவதும் தரப்படுத்துவது பற்றிப் பேசுகிறது. சைகை கற்றால் பேச்சு வராது என்ற அச்சத்துக்கு உறுதியான ஆதாரம் இல்லை. சைகை தனக்கே உரிய இலக்கணம் கொண்ட முழு மொழி, அதில் கதை கேட்கலாம், பொய் சொல்லலாம், கணக்குப் போடலாம்.

பெற்றோரும் காது கேளாதவர்களாக இருக்கும் குடும்பத்துக்கு இதுவே முதல் தேர்வு, ஏனெனில் அங்கே குழந்தைக்குப் பிறந்த நாளிலிருந்தே மொழி கிடைக்கிறது. செவி நரம்பு சரியாக அமையாததால் இம்பிளான்ட் செய்ய முடியாத குழந்தைக்கும், கருவியை ஒழுங்காக அணிந்து ஓராண்டு முறையான பயிற்சிக்குப் பிறகும் முன்னேற்றம் மிகக் குறைவாக உள்ள குழந்தைக்கும் இந்த வழியைத் தாமதிக்காமல் திறந்துவிட வேண்டும். பேச்சு வரும் வரும் என்று ஏழு வயது வரை காத்திருந்து, எந்த மொழியும் இல்லாமல் சிறப்புப் பள்ளிக்கு வந்து சேரும் குழந்தைகளின் நிலையே எல்லாவற்றிலும் கொடியது.

பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கிய பிளாரன்ஸ் சுவெய்ன்சன் பள்ளி உட்பட, தமிழ்நாட்டில் காது கேளாதோர் பள்ளிகளுக்கு நீண்ட மரபு உண்டு. ஆனால் எல்லாச் சிறப்புப் பள்ளிகளிலும் ஆசிரியர்கள் சைகை மொழியில் சரளமானவர்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. காது கேளாத ஆசிரியரோ உதவியாளரோ இருக்கிறாரா, மழலையர் வகுப்பில் சைகையில் கதை சொல்கிறார்களா, தமிழ் எழுத்தை எவ்வாறு அறிமுகப்படுத்துகிறார்கள் என்று கேளுங்கள். இந்த வழியின் மறைமுகச் செலவு, வீடும் சைகை கற்க வேண்டியிருப்பது. அதைச் செய்யாமல் நான்கைந்து வயதில் விடுதியில் சேர்த்துவிட்டால், விடுமுறைக்கு வரும் பிள்ளையோடு பேச அம்மாவுக்கே மொழி இருக்காது. இவ்வளவு சிறு வயதில் விடுதியை, வேறு வழியே இல்லாத நிலை தவிர, நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## இடைப்பட்ட ஒரு வழி

மையமும் தூரம், எல்.கே.ஜி.க்கும் குழந்தை தயாராக இல்லை என்றால், தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேல் உள்ள அங்கன்வாடிகளில் வீட்டருகே உள்ள ஒன்றில் சில மணி நேரம் விட்டு, வாரத்தில் சில நாள் பேச்சுப் பயிற்சிக்குச் செல்லலாம். அங்கே எழுத்து வேலை குறைவு, பேச்சு தமிழிலேயே நடக்கும், பாதியில் அழைத்துச் சென்றாலும் யாரும் கேட்கமாட்டார்கள். மொழி வளர்ப்பு முழுவதும் வீட்டின் பொறுப்பு என்பதை உணர்ந்தவர்களுக்கே இது பயன்படும்.

| | வழக்கமான எல்.கே.ஜி. | பயிற்சி மையம் | சைகை மொழிப் பள்ளி |
|---|---|---|---|
| யாருக்கு ஏற்றது | மொழி இடைவெளி ஓராண்டுக்குள் | இடைவெளி ஓராண்டுக்கு மேல், தாமதமாகக் கருவி பெற்றவர் | கருவியால் பயன் குறைவு, காது கேளாத பெற்றோர் |
| மறைந்திருக்கும் செலவு | நின்றுபோகும் பயிற்சி, களைப்பு, எப்.எம். கருவி | பயணம், வாடகை, ஒருவரின் வருமானம் | குடும்பம் முழுதும் சைகை கற்பது, விடுதிப் பிரிவு |
| எச்சரிக்கை அடையாளம் | நன்றாக எழுதுகிறது, கதை புரியவில்லை | ஆறு மாதமாக மொழி வளரவில்லை | ஆசிரியர் சைகையில் சரளமாக இல்லை |

பேச்சு வழியைத் தேர்ந்தவர்கள் அனைவருக்கும் பொதுவான செலவு ஒன்று உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட தகுதியான குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்பிளான்ட் செய்யப்படுகிறது. அறுவை சிகிச்சைக்குப் பின்வரும் ஆண்டுகளுக்கான செலவுதான் பலரைத் திணறச் செய்கிறது. இம்பிளான்டோடு சேர்த்துக் காதுக்கு வெளியே அணியும் கருவியின் கேபிளும், ஒலியை உள்ளே அனுப்பும் காயில் என்ற வட்டும் பழுதாகும், உத்தரவாதக் காலம் முடிந்தபின் வெளிக்கருவியையே மாற்ற வேண்டி வந்தால் இலட்சக்கணக்கில் ஆகும். காது கேட்கும் கருவி அணியும் குழந்தைக்குக் காது வளர வளரச் சில மாதங்களுக்கு ஒருமுறை இயர் மோல்டு (காதுத் துளைக்குள் பொருந்தும் அச்சு) புதிதாக எடுக்க வேண்டும். பெரிய பள்ளியின் நன்கொடைக்கு ஒதுக்கிய பணத்தை இதற்கென்று தனியாகச் சேமித்து வைப்பது மேல், ஏனெனில் கருவி ஒரு மாதம் பழுதாகிக் கிடந்தால் எந்தப் பள்ளியாலும் அதை ஈடுகட்ட முடியாது.

## முடிவை எப்போது மாற்றுவது

எந்த வழியில் சேர்த்தாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மொழி வயதை மீண்டும் அளக்க வேண்டும். ஆறு மாதத்தில் மொழி குறைந்தது ஆறு மாத அளவுக்கு வளர்ந்திருக்க வேண்டும் என்பதே எளிய அளவுகோல். வளரவில்லை என்றால் முதலில் கருவியையும் மேப்பிங்கையும் (இம்பிளான்டின் ஒலி அளவுகளைக் குழந்தைக்கேற்பச் சரிசெய்வது) சோதியுங்கள், அடுத்துத் தினமும் எத்தனை மணி நேரம் அணிகிறது என்று பாருங்கள், அதன் பிறகே வழியை மாற்றுவது பற்றி யோசியுங்கள். சளி பிடித்துக் காதில் நீர் கோத்திருந்தாலும் சில வாரங்கள் கேட்கும் திறன் மேலும் குறையும் என்பதால், காது மூக்கு தொண்டை மருத்துவரையும் பார்த்துவிட வேண்டும்.

எல்.கே.ஜி.யில் சேர்த்திருந்தால் காலாண்டு விடுமுறைக்கு முன் வகுப்பாசிரியரைச் சந்தித்து மூன்று கேள்விகள் கேளுங்கள். பெயர் சொல்லிப் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புகிறதா, மற்ற பிள்ளைகளைப் பார்க்காமல் தானாகச் சொன்னதைச் செய்கிறதா, யாருடன் விளையாடுகிறது. மூன்றுக்கும் தயக்கமான பதிலே வந்தால், ஆண்டு முடியட்டும் என்று காத்திராமல் பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்திலுள்ள சிறப்பாசிரியரை அழைத்து வகுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் ஜனவரியிலேயே பயிற்சி மையத்துக்கு மாற்றி, அடுத்த ஜூனில் அதே எல்.கே.ஜி. வகுப்பில் மறுபடி சேர்க்கலாம்.